எஞ்சின் கொதித்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

புளியங்கூடலிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியைக் கொண்டு செல்வதானாலும், சந்தைக்கு நாலு மூட்டை வெங்காயம் ஏற்றுவதானாலும், வேலணை, அல்லைப்பிட்டி வழியாகப் பண்ணைத் தாம்போதியைக் கடந்தாக வேண்டும். அங்கே நிழலுமில்லை, கிணறுமில்லை. இரு பக்கமும் கடல். அவ்விடத்தில் கார் கொதித்து நின்றால் நோயாளியின் கதி என்ன? கடன்பட்டு வாங்கிய வாகனமானால் அக்குடும்பத்தின் கதி என்ன?

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து அங்கு வாழ்ந்தவர்கள் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று, மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோலுக்கென அமைந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஒழுங்காக எரியாது. கரி பிடிக்கும், தட்டும் சத்தம் கேட்கும், சூடேறும். அக்காலம் போய்விட்டது. ஆயினும் கொதிப்புப் போகவில்லை. அதற்கு ஒரு முக்கிய காரணம் எமது கிணற்று நீரிலேயே இருக்கிறது.

எமது நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். தீவுகளில் நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாகவே நிற்கிறது. இந்நீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிப்பதை ஒவ்வொரு தாயும் அறிவார். அதே படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் பிடிக்கிறது. நீர் ஆவியாகிப் போகும்; உப்பும் சுண்ணாம்பும் தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மீண்டும் கிணற்று நீரை ஊற்ற, படிவு மேலும் தடிக்கிறது. குழாய் அடைபட்டால் சூடு வெளியேற வழியில்லை. உப்பு உலோகத்தையும் அரிக்கும்.

கார் கொதித்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே வேண்டாம். அமுக்கத்தில் நிற்கும் கொதிநீர் முகத்தில் பாயும். அரை மணித்தியாலமாவது ஆற விடுங்கள். றேடியேற்றரைத் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்தபின், தடித்த சாக்கை மூடியில் போட்டு மெதுவாகத் திருகுங்கள். கொதித்த எஞ்சினில் குளிர்நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதென்று கடல்நீரை ஊற்றுவதும் கூடாது.

பின்னர் செலவில்லாதவற்றிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள்.

1. நீர் குறைந்துள்ளதா? ஹோஸ், நீர்ப்பம்பி, றேடியேற்றர் ஆகியவற்றில் ஒழுக்கு உண்டா?

2. எஞ்சின் நின்ற நிலையில் பான் பெல்ற்றைப் பெருவிரலால் அமுக்குங்கள். ஏறக்குறைய அரை அங்குலம் பதிந்தால் போதும். அதிகம் தொய்ந்தால் இறுக்க வேண்டும்.

3. றேடியேற்றரின் முகப்பில் பூச்சி, சேறு, புல்விதை அடைத்துள்ளனவா? எஞ்சின் பக்கமிருந்து வெளிப்புறமாக நீரடித்துக் கழுவுங்கள்.

4. மூடியின் றப்பர் வெடித்திருந்தால் அமுக்கம் நிற்காது. நீர் சீக்கிரமே கொதிக்கும்.

5. தேர்மோஸ்டாற்றைக் கழற்றிச் சட்டி நீரில் இட்டுச் சூடாக்குங்கள். நீர் கொதிக்குமுன் அது திறக்க வேண்டும், திறக்காவிடில் மாற்றுங்கள்.

6. றேடியேற்றரில் சில இடம் சுட்டு, சில இடம் குளிர்ந்திருந்தால் உள்ளே அடைப்பு. பழைய பித்தளை றேடியேற்றரைக் கழற்றிக் குழாய்களைத் துப்புரவாக்கலாம்.

நீரில் குமிழி விடாமல் எழுந்தாலோ, எஞ்சின் ஒயில் பால்போல் வெளுத்தாலோ ஹெட் கஸ்கற் போயிருக்கலாம். அப்போது ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள். முதல் ஆறையும் பார்க்குமுன் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதியாதீர்கள்.

நீர்ப்பம்பி எஞ்சின்கள் பல காற்றினாற் குளிர்பவை. அவற்றின் செட்டைகளில் படிந்த எண்ணெய்ச் சேற்றைச் சுரண்டிவிட்டாலே சூடு தணியும்.

வருமுன் காப்பதற்கு வழி மழைநீரே. ஐப்பசி, கார்த்திகை மாரியில் முதல் மழை கூரையைக் கழுவிய பின்னர், பீலியால் வரும் நீரை மூடியுள்ள பீப்பாவில் சேருங்கள். றேடியேற்றருக்கு அதையே வடித்து ஊற்றுங்கள். புதுரக வான்களுக்குக் கூலன்ற்றும் கலக்க வேண்டும். வெறும் நீர் அவற்றின் அலுமினியத்தை அரிக்கும்.

வாகனமுள்ள வீடுகள் சில சேர்ந்து ஒரு பீப்பா வைத்தாலும் போதும். ஆண்டவர் கூரைமேல் இலவசமாகப் பொழியும் நீரை ஓடவிட்டு, எஞ்சினுக்குக் கடன்படுவானேன்? வரும் மாரிக்கு முன் பீலியைச் சரிசெய்வோம்.