ரூட்டரின் விளக்குகளைப் படிப்போம்

நெட் நின்றுபோனால் ரூட்டரை அணைத்துப் போடுகிறோம். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். நினைவகம் காலியாகி, இணைப்பு புதிதாகத் தொடங்குகிறது. சரியாகாதபோது சிலர் பின்பக்கத்துத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்கிறார்கள். அதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். கோளாறு எங்கே என்பதை அந்தப் பெட்டியே முகப்பு விளக்குகளில் காட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது நகரங்களில் வீட்டு இணைப்பு பெரும்பாலும் ஃபைபர்தான். உள்ளே இருப்பது 0.125 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி இழை. நிறுவனத்தின் மையத்திலிருந்து வரும் ஓர் இழையின் ஒளியை ஸ்ப்ளிட்டர்கள் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். அதனால்தான் தெருவில் கரண்ட் போனாலும், ரூட்டரை ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸில் மாட்டியிருந்தால் பெரும்பாலும் நெட் ஓடும். வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போவது 1310. அலைநீளம் வேறு என்பதால் ஒரே இழையில் இரண்டும் கலக்காமல் போய்வருகின்றன. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. கழற்றிய ஃபைபர் முனையை ஒருபோதும் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது எல்.ஓ.எஸ். விளக்கு. அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை வெளியே எங்கோ அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். வீட்டுக்குள் பீரோவை நகர்த்தும்போது ஒயர் மடங்கியிருக்கவும் கூடும். இழையின் உள்சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பியபடிதான் ஒளி முன்னே போகிறது. கூர்மையாக மடக்கினால் அந்த இடத்தில் வெளியே கசிந்துவிடும். மடிப்பை எடுத்துவிட்டு, ஃபைபரின் பச்சை முனை சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் லைன்மேனின் வேலை.

சில வீடுகளில் ஒளி வரும், ஆனால் மங்கலாக. நெட் விட்டுவிட்டு வருவதற்கு இது முக்கியமான காரணம். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பல ரூட்டர்களின் உள்பக்கம் திறக்கும். சிலவற்றுக்கு முகவரி வேறு, அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். அங்கே ரிசீவ் பவர் என்ற அளவைத் தேடுங்கள். மைனஸ் 20 டி.பி.எம்.மையொட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27 என்றால் விளிம்பில் நிற்கிறது. 3 குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு.

எல்.ஓ.எஸ். அணைந்து, இழை இணைப்பு கிடைத்ததைக் காட்டும் பி.ஓ.என். விளக்கு பச்சையாக நிலைத்து நிற்கிறது, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் இழையில் குறையில்லை. சந்தா தீர்ந்திருக்கலாம், அல்லது லாகின் நடக்கவில்லை. பல நிறுவனங்கள் பி.பி.பி.ஓ.இ. என்ற முறையில் ஒரு யூசர் நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து அதை ரூட்டருக்குள் பதிந்து வைக்கின்றன. ரீசெட் துளையில் ஊசி விட்டால் அழிவது அதுதான். கோளாறு வைஃபையில் மட்டும் இருந்த வீட்டில், ரீசெட் செய்தபின் நெட்டே இல்லாமல் போவது இப்படித்தான். இணைப்புக் கொடுக்க வந்தவரிடம் அந்த இரண்டையும் கேட்டு எழுதி வையுங்கள்.

எல்லா விளக்கும் சரியாக இருந்தும் வேகம் இல்லையென்றால், லேன் ஒயரில் லேப்டாப்பை நேரடியாக இணைத்துப் பாருங்கள். ஒயரில் வேகம் வந்தால் குறை வைஃபையில். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் நம் வீட்டுக் கான்கிரீட் சுவரில் சீக்கிரம் தளர்ந்துவிடும். 2.4 தூரம் போகும். அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து ரூட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. மற்ற எதையும் விட ரூட்டர் இருக்கும் இடம்தான் பெரிது என்பேன். ஒயர் நுழைந்த ஜன்னல் மூலையில், டிவிக்குப் பின்னால் வைக்காமல், கொஞ்சம் செலவானாலும் ஃபைபரை நடுக்கூடம் வரை இழுத்து, உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

புகார் கொடுக்கும்போது "நெட் வரல" என்று மட்டும் சொல்லாமல், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது, ரிசீவ் பவர் எவ்வளவு என்று சொல்லுங்கள். வருகிறவர் என்ன கருவியோடு வர வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.