சர்க்கரை கொழுப்பாகும் வழி

"எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடுவதே இல்லை, பிறகு எப்படி ட்ரைகிளிசரைடு 280?" ரத்தப் பரிசோதனைச் சீட்டும் கையுமாக நம்மூரில் பலர் கேட்கும் கேள்வி இது. பதிலைக் கல்லீரலில்தான் தேட வேண்டும்.

பழனிப் பஞ்சாமிர்தத்தையே எடுத்துக்கொள்வோம். மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய், நெய். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பிரசாதத்தில் கொழுப்பு என்று சொல்ல நெய் ஒன்றுதான். மற்றதில் பெரும்பகுதி இனிப்பு. அதில் ஏறத்தாழப் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுவதும் பயன்படுத்திக்கொள்ளும். ஃபிரக்டோஸ் அளவு மிஞ்சினால் அதன் பெரும்பங்கு கல்லீரலின் தலையில்தான் விழும். செலவாகாமல் மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பு அமிலமாக மாற்றி, மூன்று மூன்றாகக் கிளிசராலில் கோத்து ட்ரைகிளிசரைடாக்கி, புரத உறையிட்டு ரத்தத்தில் விடுகிறது. சர்க்கரையாக உள்ளே போனது கொழுப்பாக வெளியே வருகிறது! வெல்லம், தேன் என்றால் கல்லீரல் சலுகை காட்டுவதில்லை. மூன்று வேளையும் அளவுக்கு மிஞ்சிய சோறும் இங்கேதான் வந்து சேரும், மதுவும் அப்படியே.

தமிழகம் உட்பட நான்கு பகுதிகளில் நடந்து 2014இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வில் 29.5 சதவீதத்தினருக்கு ட்ரைகிளிசரைடு கூடுதல். கொலஸ்ட்ரால் கூடியவர்கள் 13.9 சதவீதமே. நாம் பயப்படுவது ஒன்று, நம்மிடம் மிகுந்திருப்பது வேறொன்று.

அதைக் குறைக்கும் ஒரு வழி நடை. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடியோடு பல நாள் நடந்தே பழனிக்கு வருகிறார்கள். அந்த நடையின்போது கால் தசைகளில் நடப்பது வியப்பானது. தசையின் நுண்குழாய்ச் சுவர்களில் லிப்போபுரோட்டீன் லிபேஸ் என்ற நொதி உண்டு. ரத்தத்தில் வரும் கொழுப்புத் துகளைப் பிடித்து, வெட்டி, தசைக்கு எரிபொருளாகத் தருவது அதுவே. நல்ல நடைக்குப் பிறகு அதன் வேலை கூடும். அந்தப் பலன் மறுநாள்வரைகூட நீடிக்கும். நேற்று மாலை நன்றாக நடந்தவருக்கு இன்று சாப்பிட்டபின் ரத்தத்தில் கொழுப்பு குறைவாகவே ஏறும். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் அந்த நொதி அடங்கிவிடும். நடந்து வந்து ஒரு கரண்டி பிரசாதம் சாப்பிடுபவருக்கும், காரில் வந்து டப்பா டப்பாவாக வாங்கிப்போய்த் தினமும் சாப்பிடுபவருக்கும் ரத்தம் ஒரே கணக்கைக் காட்டாது.

உணவிலும் ஒரு வழி உண்டு. பழனி மலைத்தொடரில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களுக்குள் பட்டர் ஃபுரூட் (அவகாடோ) விளைகிறது. அதன் கொழுப்பும் ட்ரைகிளிசரைடுதான். ஆனால் அதில் மிகுந்திருப்பது ஆலிவ் எண்ணெயில் உள்ள ஒலியிக் அமிலம். சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் இதைச் சாப்பிட்டால் ரத்தக் கொழுப்பு இறங்கவே வாய்ப்பு அதிகம். சர்க்கரை கொட்டி மில்க் ஷேக் ஆக்கினால் போச்சு.

வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. கூடியிருந்தால் சர்க்கரை நோயோ தைராய்டு குறைபாடோ பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து உண்டு. நடையையும் பத்தியத்தையும் மட்டும் நம்பியிராமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.