பள்ளி விழாவும் வகுப்புப் பாடமும்

தொடக்கப் பள்ளியில் பொங்கல் விழா நெருங்கும்போது ஆசிரியர்களிடையே இருவகைக் கருத்துகள் எழுவதுண்டு. விழா பண்பாட்டை வளர்க்கும் என்பர் ஒரு சாரார். ஒத்திகையிலும் ஏற்பாட்டிலும் பாடவேளை வீணாகிறது என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், விழா வேறு, பாடம் வேறு என்று இரு சாராரும் கொண்டுவிடுகின்றனர். அக்கொள்கை சரிதானா என்பதை இங்கு ஆராய்வோம்.

மலாயாத் தமிழ்ப் பள்ளிகளின் வரலாறு பெரும்பாலும் தோட்டங்களின் வரலாறே. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் உள்ள தோட்டத்தில் நிருவாகமே பள்ளி அமைத்தல் வேண்டும் என 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. லயத்திற்கும் பள்ளிக்கும் கூப்பிடு தூரம். கோயில் திருவிழா, திருமணம், பொங்கல் ஆகிய அனைத்தையும் பிள்ளைகள் கண்ணெதிரே கண்டு வளர்ந்தனர். கோலமிடுவதையும் தோரணம் கட்டுவதையும் பள்ளி தனியே கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. திரு. கோ. சாரங்கபாணி அவர்களின் முயற்சியால் 1952இல் தமிழர் திருநாள் தொடங்கியபோது, சமூகம் முழுவதும் கூடும் விழாவில் மாணவருக்கும் இடம் கிடைத்தது.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று அடுக்குமாடி வீட்டிலிருந்து வேனில் ஏறிப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு, தமிழர் பலர் கூடிப் பொங்கலிடுவதைக் காணும் இடம் பள்ளித் திடல் ஒன்றாகவே இருத்தல் கூடும். ஆகவே விழாவின் தேவை முன்னினும் மிகுந்துள்ளது. ஆனால் அவ்விழாவில் நடப்பது யாது? திறமை மிக்க பிள்ளைகள் சிலர் ஆடுகின்றனர், பாடுகின்றனர். ஒருவர், ஆசிரியர் எழுதிக் கொடுத்த உரையை மனப்பாடமாய் ஒப்புவிக்கின்றார். எஞ்சிய பிள்ளைகள் வெயிலில் அமர்ந்து கைதட்டுகின்றனர். பானையைப் பெற்றோரே வைத்துப் பெற்றோரே இறக்குகின்றனர். இத்தகைய விழாவினால் பாடவேளை வீணாகிறது என்பாரை நாம் குறை கூற இயலாது.

அமெரிக்கக் கல்வி அறிஞர் ஜான் டூயி, 1896இல் சிக்காகோவில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அங்குப் பிள்ளைகள் சமைத்தனர், நெய்தனர். சமையலின் வழியே அளவையும் வேதியியலையும் கற்றனர். வாழ்க்கைத் தொழில்களே பாடத்தின் ஊற்றாகும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கை நம் பொங்கலுக்கு எவ்வாறு பொருந்துகிறது என்று பார்ப்போம்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் கரும்பு, மஞ்சள் கொத்து, அகப்பை, தோரணம் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்துப் பெயர் கற்கலாம். மூன்றாம் ஆண்டில் கோலமே கணக்குப் பாடமாகும். 1, 3, 5, 7, 5, 3, 1 என வரிசையாகப் புள்ளி வைத்தால் மொத்தம் 25. முதல் நான்கு வரிசையில் 16, அதாவது நந்நான்கு. எஞ்சிய மூன்றில் 9, அதாவது மும்மூன்று. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து முறையே கூட்டினால் வருக்க எண் கிடைக்கும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.

நான்காம் ஆண்டில் அறிவியல். பால் ஏன் பொங்குகிறது, தண்ணீர் ஏன் அவ்வாறு பொங்குவதில்லை என்று வினவலாம். பாலிலுள்ள கொழுப்பும் புரதமும் மேலே ஆடையாகப் படிகின்றன. அடியிலிருந்து எழும் நீராவி அதனைக் கடக்க இயலாமல், நுரையாகத் திரண்டு ஆடையைத் தூக்கிக்கொண்டு வழிகிறது. தண்ணீரில் இத்தகைய ஆடை இல்லை. ஐந்தாம் ஆண்டினர் அழைப்புக் கடிதம் எழுதலாம். அரிசி, வெல்லம், பால் ஆகியவற்றின் செலவுக் கணக்கையும் அவர்களே வைக்கலாம். இந்நாட்டில் நெல் எங்கு விளைகிறது என்று தேடும்போது கெடாவும் பெர்லிசும் வரும். 1970இல் தொடங்கிவைக்கப்பட்ட மூடா பாசனத் திட்டத்தால் அங்கு இருபோகம் விளைந்த செய்தியும் வரும்.

ஆறாம் ஆண்டினருக்குரிய பணி தலையாயது. தாத்தா பாட்டியரை அணுகி, அக்காலத்தில் தோட்டத்தில் பொங்கல் எவ்வாறு நடந்தது என்று கேட்டு எழுதி வருதல் வேண்டும். பால்மரம் வெட்டிய தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அவர்தம் நினைவுகள் பல எந்த நூலிலும் இல்லை. பேரப்பிள்ளை கேட்காவிடின் அவை அவர்களோடு போய்விடும். அன்றியும், வீட்டில் தமிழ் குறைந்து வரும் இந்நாளில், பிள்ளை பாட்டியுடன் அரைமணி நேரம் தமிழில் உரையாட இதனினும் நல்ல வாய்ப்பு ஏது?

இவற்றிற்கெல்லாம் நேரம் எங்கே என ஆசிரியர் கேட்கலாம். கணக்கு கணக்கு வேளையிலும், கட்டுரை தமிழ் வேளையிலும் நடப்பதால் தனி நேரம் மிகுதியாகத் தேவையில்லை. விழாவுக்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் பாடங்களை அதனோடு இணைத்தால் போதும். மேடை உரையையும் பிள்ளையே எழுதட்டும். பிழையை ஆசிரியர் திருத்தட்டும். அவ்வுரை சிறிது தடுமாறினும், அது பிள்ளையின் சொந்தத் தமிழாக இருக்கும்.

விழா சிறந்ததா என்பதற்கு மேடையின் அலங்காரமோ வந்தவர் தொகையோ அளவுகோல் ஆகா. மேடையேறாத பிள்ளையின் ஏட்டை மறுநாள் திறந்து பார்த்தல் வேண்டும். அதில் அப்பிள்ளை தானாகக் கண்டதும் கேட்டதும் நான்கு வரியேனும் இருப்பின், அவ்விழாவினால் பாடவேளை வீணாகவில்லை எனத் துணிந்து கூறலாம்.