குப்பைமேட்டில் எழுந்த மரப்பூங்கா

சென்னைக் கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரையில் உள்ள மரப்பூங்கா பொதுப்பணித் துறையின் நிலத்தில் அமைந்தது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த அந்த இடத்தை 2006இல் ‘நிழல்’ என்னும் தன்னார்வ அமைப்பு சீர்திருத்தத் தொடங்கியது. நகரத்து மரங்களைக் காப்பதற்கென்றே அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கப்பட்ட அமைப்பு அது. நிலம் அவர்களுடையதன்று, பராமரிக்கும் பொறுப்பை மட்டுமே ஏற்றார்கள்.

புல்வெளியும் பூப்பாத்தியும் கொண்ட வழக்கமான பூங்காவிலிருந்து மரப்பூங்கா வேறுபட்டது. பல இன மரங்களை ஒரே இடத்தில் வளர்த்து, மக்கள் அவற்றைப் பார்த்துப் பெயர் சொல்லி அடையாளம் காண வழி செய்வதே அதன் நோக்கம். கோட்டூர்புரத்தில் நம் மண்ணுக்குரிய மரங்களுக்கே முதலிடம். சோழமண்டலக் கரையோரம் ஒருகாலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காடுகளின் மரங்களை நகரத்துக்குள்ளேயே காண முடிவது சிறிய பேறன்று.

கன்று நடுவது ஒரு நாள் வேலை. அதற்குப் புகைப்படமும் கைத்தட்டலும் கிடைத்துவிடும். கன்றைப் பிழைக்க வைப்பது முதல் இரண்டு மூன்று கோடைகளில் ஊற்றும் தண்ணீர்தான். இடிபாடு கலந்த மண்ணில் நீர் தங்காது, வேரும் எளிதில் இறங்காது. எனவே கல்லும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி, குழியில் தொழுவுரமும் மட்கும் சேர்க்க வேண்டும். உதிர்ந்த சருகை எரிக்காமல் வேரடியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் காக்கப்படும். நாளடைவில் அதுவே எருவாகும். இத்தகைய வேலைகளுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தன்னார்வலர்கள் கூடுகிறார்கள். நன்கொடையைவிட இந்த வாராந்தர வருகையே பூங்காவைக் காக்கிறது என்று சொல்லலாம்.

பூங்காவுக்குச் சோதனையும் வந்தது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது பூங்கா நீரில் மூழ்கியது. வெள்ளம் வடிந்தபின் சேறும் குப்பையும் மிஞ்சின. மறு ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்து மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. சாய்ந்த மரமெல்லாம் செத்த மரமன்று. வேரின் ஒரு பகுதி மண்ணைப் பற்றியிருந்தால், கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்து, நிமிர்த்தி முட்டுக்கொடுத்துப் பிழைக்க வைக்கலாம். உடனே ரம்பத்தை எடுக்காமல் இதைச் செய்ய, மரம் அறிந்தவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தெருவோர மரங்களும் ‘நிழல்’ அமைப்பின் கவனத்தில் உள்ளன. மரத்தில் அறைந்த ஆணிகளைப் பிடுங்குவதும், அடிமரத்தை நெரிக்கும் சிமென்டை உடைத்து மண்ணைத் திறந்துவிடுவதும் அதன் பணிகள். இலையில் உருவாகும் உணவு பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கு வழியாகவே வேருக்கு இறங்குகிறது. கன்றாக இருந்தபோது சுற்றி இட்ட பழைய கம்பிவேலி அந்த அடுக்கை இறுக்கினால், மேலே பச்சையாகத் தெரியும் மரமும் அடியில் பட்டினி கிடக்கும்.

இந்த உழைப்பு மிகுதியாகத் தேவைப்படும் இடம் வடசென்னை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகம், ஆலைகள், கொள்கலன் லாரிகள், உப்புக்காற்று. இவற்றைத் தாங்க அழகுக்காக நடும் அயல்மரங்கள் போதா. புன்னை, பூவரசு, புங்கம், பனை ஆகியவை கடற்கரைக்குப் பழகியவை. திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலின் தலமரமான மகிழத்துக்கும் இந்த மண் புதிதன்று. நாயன்மாரான சுந்தரர், தாம் மணந்த சங்கிலியாருக்கு, பிரியேன் என்று சத்தியம் செய்ததாகச் சொல்லப்படுவது அதன் அடியில்தான்.

ஆனால் எண்ணூர்க் கழிமுகத்துக்குக் கோட்டூர்புரத்து வழிமுறை அப்படியே பொருந்தாது. அங்கே வளர்வது அலையாத்தி. அதற்கு ஓதநீர் நாள்தோறும் ஏறி இறங்க வேண்டும். அங்கே கடலில் கலக்கும் கொசஸ்தலையாற்றுப் பகுதியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து அந்த நீரோட்டம் பல இடங்களில் தடைபட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையோடு வந்த எண்ணெய், அலையாத்தி வேர்களிலும் தண்டுகளிலும் அப்பியது. ஊர்க்காரர்கள் கன்றுகளைக் கண்காணிக்கலாம், குப்பையை அகற்றலாம். படிந்த சாம்பலை வாரி எடுத்து நீர்வழியைத் திறப்பது மண்வெட்டிக்கு அடங்கும் வேலையன்று. அது அரசும் ஆலைகளும் முதலில் செய்து முடிக்க வேண்டியது. கன்று நடுவது அதற்கு அப்புறம்தான்.