டிராக்டர் ரோட்டுக்கு வருதா? 2 பிரேக்கும் ஒண்ணா பிடிக்கணும்!

டிராக்டரில் வலது சக்கரத்துக்கு ஒன்று, இடது சக்கரத்துக்கு ஒன்று என 2 பிரேக் பெடல்கள் உண்டு. வயலில் சட்டுன்னு திரும்ப டிரைவர்கள் ஒரு பெடலை மட்டும் மிதிப்பார்கள். அதே பழக்கத்தில் ரோட்டில் வேகமாக போகும்போது மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்து கவிழ்ந்துவிடும். அதனால் ரோட்டில் ஏறும் முன்பே 2 பெடலையும் சேர்க்கும் கொக்கியை மாட்டிவிட வேண்டும்.

கொக்கி மட்டும் போதாது. வயலில் அதிகம் மிதிபடும் பக்கம் லைனிங் சீக்கிரம் தேயும். அப்புறம் ஒரு சக்கரம் முந்தி பிடிக்கும், இன்னொன்று பிந்தி பிடிக்கும்.

இதை கண்டுபிடிப்பது சுலபம். டிரெய்லரை கழற்றிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையில் மெதுவாக ஓட்டி 2 பெடலையும் சேர்த்து மிதிக்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கில் வித்தியாசம் இருக்கு என்று அர்த்தம்.

எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்கு கட்டை கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். பிரேக் ராடு உள்ள வண்டிகளில் லாக் நட்டை தளர்த்தி, 2 பெடலும் ஒரே அளவு இறங்கும்படி சரி செய்யலாம். எவ்வளவு இறங்கணும் என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

அப்படியும் பிடிக்கலைன்னா லைனிங் தேய்ந்திருக்கலாம், ஆயில் சீல் கசிந்திருக்கலாம். அதை மெக்கானிக்கிடம்தான் காட்டணும். அதுவரை லோடு ஏற்றவே கூடாது.