வலியின் வரலாறு – 14: பிறந்த பின் மூட வேண்டிய குழாய்

ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்தே வேலை செய்கின்றன என்று ஜான் வேன் 1971-இல் காட்டியது நினைவிருக்கும். மறுபடி விரிக்க இடமில்லை. இந்த வாரம் சிசுவின் சிறுநீரகம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் இதயத்தை ஒட்டியுள்ள ஒரு சின்னக் குழாயைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

கருவில் குழந்தைக்குப் பிராணவாயு தொப்புள்கொடி வழியே வருகிறது. நுரையீரலுக்கு அதிக ரத்தம் தேவையில்லை. அதனால் அங்கே போக வேண்டிய ரத்தத்தின் பெரும்பகுதியை டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் என்ற குறுக்குக் குழாய் பெருந்தமனிக்குத் திருப்பிவிடுகிறது. இதன் சுவரிலுள்ள தசையைச் சுருங்கவிடாமல் தளர்த்தி வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின்தான். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் ரத்தத்தில் பிராணவாயு ஏறுகிறது. நஞ்சுக்கொடியிலிருந்து வந்துகொண்டிருந்த புரோஸ்டாகிளாண்டினும் நின்றுபோகிறது. பெரும்பாலும் மூன்று நாளுக்குள் குழாய் மூடிக்கொள்ளும். குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு மட்டும் அது மூடாமல் தொல்லை தரும். 1976-இல் கலிஃபோர்னியாவின் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒரே இதழில் எழுதின: மூட்டுவலிக்குக் கொடுக்கும் இண்டோமெதாசினைக் கொடுத்தால், மார்பைத் திறக்காமலே இந்தக் குழாயை மூடவைக்க முடிகிறது. எத்தனை அழகான சிகிச்சை! இதயக் கோளாறோடு நீலம் பாரித்துப் பிறக்கும் சில குழந்தைகளுக்கோ நேர்மாறாக, புரோஸ்டாகிளாண்டினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக் குழாயைத் திறந்தே வைக்கிறார்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நிறைமாதத்தை நெருங்கும் தாய்க்கு ஏன் ஆகாது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சியம் வேண்டியதில்லை. அவை நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை எட்டுகின்றன. பிறந்த குழந்தைக்குப் பிழைப்பு தருகிற அதே வேலையை, மூடக்கூடாத நேரத்தில் செய்துவிடுகின்றன. குழாய் சுருங்கினால் சிசுவின் இதயத்தின் வலப்பக்கமும் நுரையீரல் நாளங்களும் அழுத்தத்தில் தவிக்கும். வாரங்கள் ஏற ஏற, மருந்துக்குச் சுருங்கும் சுபாவமும் கூடுகிறது.

‘எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். உண்மைதான். தெரியாமல் ஒரு மாத்திரை போட்டவர் பதற வேண்டாம், மருத்துவரிடம் சொன்னால் போதும். ஆனால் எந்தச் சிசுவின் குழாய் சுருங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, பிறர் தப்பியது நமக்கு உத்தரவாதமாகாது. குறைப்பிரசவ வலியை நிறுத்த மருத்துவர்களே இண்டோமெதாசின் தருகிறார்களே? தருகிறார்கள்; பொதுவாக 32 வாரத்துக்கு முன், இரண்டே நாள், கண்காணிப்போடு. ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்க எழுதித்தரும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் வேறு கணக்கு. அதைத் தானாக நிறுத்தக்கூடாது. என் கவலை மெடிக்கல் ஷாப்பில் இடுப்புவலிக்கென்று கேட்டு வாங்கும் அட்டையைப் பற்றியது. பாராசிட்டமால் என்று நம்பி வாங்கும் அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் கூடவே அசிக்ளோஃபினாக்கும் இருக்கக்கூடும்.

சிறுநீரகத்துக்கு இனி இடமில்லை. இந்த மாத்திரைகளைத் தவிர்க்க 30 வாரம் என்றிருந்த எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில் 20 வாரத்துக்கு இறக்கியது சிசுவின் சிறுநீரகத்தை முன்னிட்டுத்தான்: அந்தக் கட்டத்திலிருந்து பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர். அடுத்த வாரம் அங்கிருந்து.