விட்டுணுகிரந்தி

வறண்ட வலயத்து மணற்பாங்கான வெளிகளில், மழை ஓய்ந்தபின், நீலத் துளிகள் சிந்தினாற்போலப் பூத்துக் கிடக்கும் சிறுபூண்டு ஒன்றுண்டு. விட்டுணுகிரந்தி என்பது அதன் பெயர். நெருஞ்சியைப்போல் முள்ளால் தன்னை அறிவியாது. வல்லாரையைப்போல் கறிக்கென்று தேடப்படுவதுமன்று. ஆதலின் அதனை மிதித்துச் செல்வார் பலர். குனிந்து நோக்குவார் சிலரே.

கட்டையான வேரினின்று நூலிழைபோன்ற தண்டுகள் பல கிளைத்து நிலத்தோடு படியும். தண்டிலும் இலையிலும் பட்டுப்போன்ற உரோமம் செறிந்திருத்தலின் செடி முழுவதும் வெண்சாயல் பெறும். மலரின் விட்டம் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. காலையில் விரிந்து வெயில் ஏறக் குவிந்துவிடும். கேசரங்கள் ஐந்து. தம்பங்களோ இரண்டு; அவை ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகக் கவர்த்திருக்கும். கைவில்லை ஒன்றிருப்பின் மாணவர் இதனை எளிதிற் காண்பர். இவ்விரட்டைக் கவரே இதன் இனத்தைப் பிரித்தறிதற்குரிய அடையாளம் என்க.

ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் வைத்தியராயிருந்த போல் ஹேர்மன் திரட்டிய செடிகளை ஆராய்ந்து 1747இல் நூல் செய்தவர் லின்னேயசு. அவர் 1753இல் இப்பூண்டினைச் சுற்றியேறும் கொடிகளோடு ஓரினமாக வைத்தார். 1762இல் பிரித்து எவோல்வியூலசு என்னும் பேரினத்துட் சேர்த்தார். சுருளவிழ்ந்தது என்பது அச்சொல்லின் கருத்து. எதனையும் பற்றியேறாது நிலத்திற் கிடக்கும் பூண்டுக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்!

நம் வழக்கிலுள்ள பெயருக்கு அப்பேறு வாய்க்கவில்லை. வடமொழியில் அது விஷ்ணுக்ராந்தா. விட்டுணுவால் அடியிடப்பட்டது என்பது பொருள். ‘கிராந்தம்’ மருவிக் ‘கிரந்தி’ ஆகவே, முடிச்சென்றும் நோயென்றும் வேறு பொருள்கள் வந்து புகுந்தன. விட்டுணுகரந்தை என்பாரும் உளர். கொட்டைக்கரந்தையோ சூரியகாந்திக் குடும்பத்தது; இதற்கு உறவன்று. இதனினும் பெரிய மயக்கம் ஒன்றுண்டு. விஷ்ணுக்ராந்தா என்னும் அதே பெயரை வடமொழி நிகண்டுகள் காக்கணத்துக்கும் சூட்டின. சங்கபுட்பி என்ற பெயரோ இவ்விரண்டுக்கும் வேறு சில செடிகளுக்கும் இடந்தோறும் வழங்குகின்றது. ஏட்டிற் பெயரை மட்டும் படித்து மருந்து கூட்டுவார்க்கு எச்செடி கிடைக்குமோ! பெயரை மனனஞ் செய்வித்துச் செடியைக் காட்டாது விடும் ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு.

காக்கணம் அவரைக் குடும்பத்தது, வேலியிற் சுற்றியேறும், நீண்டு தட்டையான நெற்றுத் தரும். விட்டுணுகிரந்தியின் காயோ மிளகளவினும் சிறியது. உலர்ந்தால் நான்காகப் பிளக்கும். பூ உதிர்ந்த பின்னரும் இவ்வேறுபாடு காணலாம்.